ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் கேமரா

கண்ணகி நகரின் வெளிச்சுவர்கள் எத்தனையோ ஆயிரம் முறை படமெடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவர்களுக்கு உள்ளே சோறு வடிப்பதும், பிள்ளை பாடம் எழுதுவதும், இரவு வேலை முடிந்து வந்தவர் பகலில் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்குவதும் படமானது மிகக் குறைவு. சென்னையின் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கிடக்கும் கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இங்குள்ள வீட்டு வாழ்க்கையைப் படமாக்குவது புகைப்படக் கலையில் தனியொரு வேலை. அதற்குத் தெரு நிழற்படக்காரரின் சுறுசுறுப்பு போதாது. கல்யாண போட்டோகிராபரின் தொழில்நுட்பமும் அப்படியே உதவாது.

இந்தக் குடியிருப்புகள் வந்த கதை தெரியாமல் உள்ளே போகிறவர் எதையும் சரியாகப் பார்க்கமாட்டார். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. முதல் இருபது, முப்பது ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் நகரத்துக்குள்ளேயே அடுக்குமாடிகள் கட்டியது. 2000ஆம் ஆண்டில் கண்ணகி நகர் வந்தபிறகு திசை தெற்கே திரும்பியது. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் 6,700க்கும் மேல், பெரும்பாக்கத்தில் 23,000க்கும் மேல். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் இருந்தவர்கள், 2004 சுனாமியில் கடற்கரையை இழந்தவர்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்புறப்படுத்தப்பட்டவர்கள் எனப் பல அலைகளாக மக்கள் வந்து சேர்ந்தார்கள். வீடு இங்கே கிடைத்தது. வேலை அங்கேயே நின்றுவிட்டது. மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்கும் பெண்ணும் விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டியவர்களானார்கள். காலை பத்து மணிக்குக் கேமராவோடு போகிறவருக்குப் பல கதவுகள் பூட்டிக் கிடப்பதன் காரணம் இதுதான்.

வெளியிலிருந்து வரும் கேமராக்கள் இதுவரை மூன்று காரணங்களுக்காக வந்திருக்கின்றன. ஒன்று, குற்றம்: போலீஸ் வண்டி, கூட்டம், மொட்டைமாடியிலிருந்து எடுத்த பிளாக்குகளின் வரிசை. இரண்டு, வண்ணம். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, சென்னை மாநகராட்சி, ஏசியன் பெயின்ட்ஸ் ஆகியவை சேர்ந்து கண்ணகி நகரின் பக்கவாட்டுச் சுவர்களில் நான்கு மாடி உயரத்துக்கு ஓவியங்கள் தீட்டச் செய்தன. அன்றிலிருந்து வார இறுதியில் மாடல்களோடு வந்து சுவர்முன் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மூன்று, வெற்றி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றபோது, அணியில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவின் வீட்டுத் தெருவில் சேனல்களின் மைக்குகள் நிறைந்தன. குற்றத்துக்கு வந்த கேமராவைவிட இது எவ்வளவோ மேல். என்றாலும் மூன்று வருகையிலும் கேமரா வாசலோடு நின்றுவிடுகிறது. அல்லது உள்ளே போனாலும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது. சினிமாவின் பங்கும் சும்மா இல்லை. பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014இல் வியாசர்பாடி ஹவுசிங் போர்டின் வீட்டையும் மாடிப்படியையும் நெருக்கமாகக் காட்டியது. ஆனால் மற்றப் பல படங்களுக்கு ஹவுசிங் போர்டு என்றால் துரத்தல் காட்சிக்கு வாகான மாடிப்படி, அவ்வளவுதான்.

வாசலைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படும் சிக்கல் இடம். கண்ணகி நகரின் முதற்கட்ட வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவு. பெரும்பாக்கத்தின் தரையும் ஏழு மாடியுமான பிளாக்குகளில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை எல்லாம் சேர்ந்து 400 சதுர அடிக்குள் அடங்கும். பத்தடி அறையின் ஒரு சுவரில் முதுகை ஒட்டி நின்று எதிர்ச்சுவரைப் பார்க்கும்போது, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஏழடி அகலத்தைத்தான் வாங்கும். 35 மி.மீ. பத்தடியையும், 28 மி.மீ. ஏறக்குறைய பதின்மூன்றடியையும், 24 மி.மீ. பதினைந்தடியையும் வாங்கும். இந்தக் கணக்கைப் பார்த்துப் பலரும் 16 அல்லது 20 மி.மீ.க்குத் தாவுகிறார்கள். அதில் அறை மண்டபம் போலப் பெரிதாகிவிடும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் தலை ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரியும். வீடு சின்னது என்ற உண்மையே படத்திலிருந்து காணாமல் போகும். ரியல் எஸ்டேட் விளம்பரத்துக்கு அது சரி. இந்த வேலைக்கு 28 அல்லது 35 மி.மீ.யோடு நின்றுகொள்வதே நேர்மை. அறை முழுவதும் படத்தில் விழாவிட்டால் விழாமலே போகட்டும்.

அடுத்தது வெளிச்சம். பெரும்பாலான வீடுகளில் ஒரே பக்கம்தான் ஜன்னல். எதிர் பிளாக் நெருங்கி நின்றால் கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரியும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வரும்படி ஆளை நிறுத்தினால் முகம் கறுத்துவிடும். பக்கவாட்டில் திருப்பி உட்கார வைத்தால் அதே ஜன்னல் அருமையான விளக்கு. டியூப் லைட்டில் தோல் நிறம் பச்சையடிக்கும். மலிவான எல்இடி பல்புகள் இன்னொரு தொல்லை தரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை வேகப்படுத்தினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100இல் வைத்தால் விழாது. ஐஎஸ்ஓவை 1600, 3200 வரை கூட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் புள்ளி தெரிவதால் குடிமுழுகிவிடாது. ஃபிளாஷ் போட்டால் சுவரில் கரிய நிழல், கண்ணாடி ஃபிரேம்களில் வெள்ளைத் தீ. போட்டே ஆகவேண்டுமானால் கூரையில் பட்டுத் திரும்பும்படி. சீலிங் ஃபேன் சுற்றும் மங்கல், குக்கரின் ஆவி, கொடியில் ஆடும் துணி, இவற்றையெல்லாம் மெதுவான ஷட்டர் தானாகவே வாங்கிக்கொள்ளும். அந்த அறையில் நிஜமாகவே எதுவும் அசையாமல் இருப்பதில்லை.

இனி அறையில் உள்ள பொருள்கள். ஆவணம் என்ற வகையில் இத்தகைய படங்களின் மதிப்பு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. முகத்தைப் பார்த்துப் படத்தின் ஆண்டைச் சொல்ல முடியாது. ஷோகேஸைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தமிழக அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி இருந்தால் 2006–11 ஆட்சிக்காலம் அல்லது அதற்குப் பின். விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் என்றால் 2011க்குப் பிறகு. காகித ரேஷன் புத்தகம் போய் ஸ்மார்ட் கார்டு வந்தது 2017இல். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் எந்த நகைக்கடை, எந்த அரிசி மண்டி என்பது குடும்பம் எங்கே சாமான் வாங்குகிறது என்பதைச் சொல்லும். வந்து சேர்ந்து ஆண்டுகள் பல ஆனபின்னும் பழைய பேட்டைக் கடையின் காலண்டரே தொங்குவதும் உண்டு. மளிகை கடன் கொடுக்கும் கடைக்காரரை எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது.

இடத்தைப் பங்கிடும் சாமர்த்தியமும் படத்துக்குரியது. கட்டிலுக்கு அடியில் அண்டா, குண்டான், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பித்தளை. பரணில் கோணிப்பையில் கட்டிய பழைய துணி. பீரோவின் மேல் தாயக்கட்டை முதல் தையல் மெஷின் மூடி வரை. கதவுக்குப் பின்னால் பள்ளிப்பை. சமையலறை வாசலில் தண்ணீர் டிரம், அதன்மேல் குப்புறக் கவிழ்த்த குடங்கள். பகலில் கூடமாக இருக்கும் அறை இரவு பத்து மணிக்குப் பாய்கள் விரிந்து படுக்கையறையாகும். சாப்பாட்டு நேரத்தில் அதே தரை பந்தி. ஒரே அறையை ஒரே கோணத்தில் காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என மூன்று வேளையில் எடுத்து வைத்தால், எந்தத் திட்ட அறிக்கையும் சொல்லாததை அந்த மூன்று படம் சொல்லும்.

சுவரில் மாட்டியிருக்கும் படங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சாமிப் படங்களுக்கு ஒரு வரிசை. வேளாங்கண்ணி மாதாவும் மேல்மருவத்தூர் அம்மனும் ஒரே ஆணி வரிசையில் இருப்பது இங்கே வியப்பில்லை. அம்பேத்கர், சில வீடுகளில் எம்ஜிஆர். இறந்தவரின் படத்தில் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, அணையாமல் மின்னும் சிவப்புக் குட்டி பல்பு. இறந்த தந்தையைப் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து பெயர்த்து எடுத்து, மகளின் கல்யாணப் படத்தில் கோட் போட்டு நிறுத்தும் கைவேலையை ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் செய்து தருகின்றன. கலை விமர்சகர் இதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். வீட்டில் அதுதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் மாட்டப்பட்டிருக்கும். தமிழ் ஸ்டூடியோ படங்களை ஆய்வாளர்கள் பொருட்படுத்தத் தொடங்கியதே அண்மையில்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த படங்களை எண்ணிமமாக்கிப் பாதுகாத்தது. வீட்டை எடுக்கும் படத்தில் இந்தச் சுவர் தெளிவாக விழுந்திருந்தால், ஒரு படத்துக்குள் இன்னும் பத்துப் படங்கள் பத்திரமாகும்.

வீடு கதவோடு முடிவதில்லை. பெரும்பாக்கத்தில் பிளாக்கின் நடைபாதைதான் திண்ணை. ஐந்தாம் மாடியில் கதவுக்கு முன் இரண்டடித் தரையில் கோலம் போட்டிருக்கும். தண்ணீர் தெளிக்க இடமில்லாததால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வரைந்தது. பூ கட்டுவது, கீரை ஆய்வது, பேன் பார்ப்பது எல்லாம் அங்கேதான். லிஃப்ட் நின்றுபோன நாளில் குடத்தோடும் கைக்குழந்தையோடும் படியேறும் ஆட்கள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். தரைத்தளத்தில் ஜன்னலையே கடையாக்கி இட்லி மாவு, ஷாம்பூ சாஷே விற்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் வாழ்க்கை என்று நினைத்து வந்தவர், அது பாதிக்குமேல் வெளியே வழிந்திருப்பதை ஒரு மாலை நேரத்தில் கண்டுகொள்வார்.

எல்லாவற்றுக்கும் முந்தியது அனுமதி. இங்கே கேமராவோடு வருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி “எந்த சேனல் தம்பி?” என்பதுதான். கேள்வி நியாயமானது. ஏரியா பெயர் செய்தியில் அடிபட்டதால் வேலைக்கு மனுப் போட்டபோது முகவரியை மாற்றிச் சொல்ல நேர்ந்த இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். கணக்கெடுப்பு, கைரேகை, அடையாள அட்டை என்று அதிகாரிகளின் கேமரா முன் நின்று பழகிய குடும்பங்களுக்குப் போட்டோ என்றால் ஏதோ பட்டியலில் பெயர் சேர்வது அல்லது விடுபடுவது. அந்த அர்த்தம் மாற நாள் பிடிக்கும். “இரு தம்பி, பாத்திரத்தை ஒதுக்கி வெச்சிட்டு வரேன்” என்று அக்கா ஒருவர் சொன்னால், இருக்க வேண்டும். ஒதுக்காமல் எடுத்தால்தான் இயல்பாக இருக்கும் என்று வாதாடுவது கேமராக்காரரின் வசதி. வீட்டுக்காரியின் மானம் அதில் இல்லை. வேண்டுமானால் ஒதுக்கிய வீட்டை முதல் நாள் எடுக்கலாம். நாலாவது ஐந்தாவது வருகையில் யாரும் எதையும் ஒதுக்கமாட்டார்கள்.

உலகில் இந்த வகைப் படங்களுக்குப் பெயர் பெற்ற மூன்று வேலைகளை ஒப்பிட்டால், கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே அவற்றைப் பிரிக்கிறது. ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடியிருப்பு 1953 தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. அது இடிபடப் போகும் தறுவாயில், 2006இல், மைக்கேல் வுல்ஃப் என்ற ஜெர்மன் புகைப்படக்காரர் ஏறத்தாழ 100 சதுர அடியுள்ள 100 அறைகளை, ஒவ்வொன்றிலும் குடியிருப்பவரை நடுவில் இருத்தி, ஒரே பாணியில் எடுத்தார். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் சாதாரணம். நூறையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே அளவு அறையை மனிதர்கள் எத்தனை விதமாக வாழ்கிறார்கள் என்பது தெரியும். கண்ணகி நகருக்கு இப்படியொரு வரிசை இதற்குள் வந்திருக்க வேண்டும். நிக் வாப்ளிங்டன் வேறு வழி. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்துப் பிராக்ஸ்டோ குடியிருப்பில் சில குடும்பங்களோடு ஆண்டுக்கணக்கில் பழகி அவர் எடுத்த ‘லிவிங் ரூம்’ 1991இல் வெளிவந்தது. ஜான் பெர்ஜரும் ரிச்சர்ட் அவடனும் அதற்குக் கட்டுரை எழுதினார்கள். வறுமை அதில் இருக்கிறது. ஆனால் தரையில் உருளும் பிள்ளைகளின் கும்மாளம் அதை மேலெழ விடுவதில்லை. ரிச்சர்ட் பில்லிங்காம் வெளியாளே அல்ல. அரசுக் குடியிருப்பில் அம்மாவையும் குடிக்கு அடிமையான அப்பாவையும், ஓவியம் வரைய மாதிரியாக இருக்கட்டும் என்று மலிவான ஃபிலிமில் எடுத்துவைத்தார். 1996இல் ‘ரேஸ் எ லாஃப்’ புத்தகமானது. அந்த நெருக்கம் மகனுக்கு மட்டுமே வாய்க்கும். அதே படங்களை அடுத்த வீட்டுக்காரர் எடுத்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த உள்ளிருந்து பார்க்கும் வழிக்கு வலுவான பெயர் எம். பழனிக்குமார். மதுரைப் பக்கம் மீன் விற்கும் தாயின் மகன். 2013இல் கடன் வாங்கி முதல் கேமராவை வாங்கினார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணைய ஆவணக்களத்தின் புகைப்படக் கலைஞராக, மலக்குழி மரணங்களில் கணவரையும் மகனையும் இழந்தவர்களை வீடுகளில் சந்தித்து எடுத்தார். மீன் விற்கும் தன் தாயையும் எடுத்தார். தயாநிதா சிங் பெயரில் பாரி வழங்கும் ஆவணப் புகைப்பட விருதின் முதல் ஆண்டு, 2022இல், அது அவருக்கே கிடைத்தது. விருதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் அவருடையது: உழைக்கும் மக்களின் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கக் கற்றுத்தருவது. பிள்ளைகள் முதலில் எடுப்பது வீட்டைத்தான். அம்மா எழுந்து வேலைக்குக் கிளம்புவது, அப்பாவின் கை, தம்பி தூங்குவது. வெளியிலிருந்து வந்தவர் மாதக்கணக்கில் பழகிப் பெற வேண்டிய அனுமதி அவர்களுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. கல்கத்தாவின் சோனாகாச்சியில் ஸானா பிரிஸ்கி இதே வழியில் குழந்தைகளுக்குக் கேமரா கொடுத்ததும், அதைப் பற்றிய ஆவணப்படம் 2005இல் ஆஸ்கர் பெற்றதும், அதன்பின் அந்தக் குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது என்று நடந்த சண்டையும் பலருக்குத் தெரியும். கேமரா கொடுப்பவர் எவ்வளவு காலம் கூட இருக்கிறார் என்பதை வைத்துத்தான் இந்த முயற்சிகளை எடைபோட வேண்டியிருக்கிறது.

சட்டம் குறைவாகவே குறுக்கிடுகிறது; குறுக்கிடும் இடத்தில் கடுமையாக. குற்றத்தால் பாதிக்கப்பட்ட, அல்லது குற்றம் சுமத்தப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. தனிமையில் இருக்கும் பெண்ணை அவர் அறியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். குளியலறைக் கதவு கூடத்தைப் பார்த்தே திறக்கும் வீடுகளில் இதை மறந்துவிடக் கூடாது. சட்டம் கேட்காத இரண்டு விஷயங்களையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். படக்குறிப்பில் பகுதியும் ஆண்டும் எழுதி, பிளாக் எண்ணையும் கதவு எண்ணையும் விட்டுவிடுவது. கடன்காரர், பிரிந்துபோன கணவர், வாடகைக்கு விட்டதை விசாரிக்கும் அதிகாரி என்று அந்த எண்ணைத் தேடுகிறவர்கள் பலர். இன்னொன்று, வெளியிடுமுன் படத்தை அந்த வீட்டில் காட்டி விடுவது.

காட்டுவதோடு நிற்காமல் பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மேடவாக்கத்திலோ தாம்பரத்திலோ உள்ள லேபில் 4×6 அளவு பிரின்டுக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசைத் தாண்டாது. குடிசை இடிபட்ட நாளிலும் வெள்ளத்திலும் பழைய படங்களைத் தொலைத்த வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம் என்பதால் அதன் கனம் வேறு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளின் பரண்வரை தண்ணீர் ஏறியது. பீரோவோடு ஆல்பங்களும் நனைந்தன. காய்ந்தபின் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிய்த்தெடுக்க முயன்று, முகங்கள் உறையிலேயே ஒட்டிக்கொண்டு வந்த கதை பல வீடுகளில் உண்டு. போட்டோத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் கொழகொழத்து, காயும்போது பசையாகிவிடும். நனைந்த ஆல்பத்தைக் காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலாக நிழலில் பரப்ப வேண்டும். வெயிலில் போட்டால் சுருளும். அதற்கு நேரமில்லாவிட்டால் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கேமரா இருக்கிறது, போனில். பிறந்தநாள் கேக், மஞ்சள் நீராட்டு, முதல் நாள் காலேஜ், கண்ணகி நகர்ப் பிள்ளைகளின் கபடிப் பயிற்சி எல்லாம் ஸ்டேட்டஸில் ஏறி 24 மணி நேரத்தில் மறைகின்றன. போன் உடைந்தாலோ, கடனுக்கு அடகு வைத்தாலோ, அந்தக் குடும்பத்தின் நாலைந்து ஆண்டு மொத்தமாகப் போய்விடும். வெளியாள் எடுத்துத் தரும் படத்தைவிட அந்தப் போன்களில் இருப்பதே அதிகம், சிறந்ததும்கூட. பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் அப்பெர்ச்சர், ஷட்டரோடு சேர்த்து, போன் படங்களை மெமரி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் மாற்றிவைப்பதையும், கோப்புக்குத் தேதியும் ஆட்களின் பெயரும் எழுதிவைப்பதையும் ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம்.